ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது?

எகிப்து அரசு 1929-இல் மத்திய போதைப்பொருள் புலனாய்வுப் பிரிவைத் தொடங்கியது. கெய்ரோ நகரக் காவல்துறையின் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ரஸல் பாஷாதான் இயக்குநர் ('பாஷா' அன்றைய எகிப்தில் உயரதிகாரிகளுக்கு வழங்கிய பட்டம்). அவரைப் பற்றி எதைப் புரட்டினாலும் ஓர் எண் வந்து நிற்கிறது: 1 கோடியே 40 லட்சம் மக்களில் 5 லட்சம் பேர் போதைக்கு அடிமைகள். அதாவது 28 பேருக்கு ஒருவர். யார் எண்ணியது?

பாதி விடை எளிது. 1 கோடியே 40 லட்சம் என்பது 1927 மக்கள்தொகைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் போதைப் பழக்கத்தைக் கேட்டு எழுதும் கணக்கு அல்ல அது. எனவே 5 லட்சத்துக்கு வேறு ஊற்று வேண்டும்.

அடுத்துச் சிறைப் பதிவுகள்மேல் சந்தேகம் விழும். எனக்கு அவை போதவில்லை. 1925-க்குப் பின் சட்டம் கடுமையானது. பிடிபட்டோர் பெருகினால் பழக்கம் பெருகியது என்றும் கொள்ளலாம், காவலர் சுறுசுறுப்பு என்றும் கொள்ளலாம். இன்னொரு ஓட்டையும் உண்டு. 'கேப்பிடுலேஷன்' எனப்பட்ட பழைய ஒப்பந்தங்களின்படி, பல வெளிநாட்டார் எகிப்தில் குற்றம் செய்தாலும் அவரவர் தூதரக நீதிமன்றமே விசாரிக்கும். சிறைப் பேரேட்டில் உள்ளூர்ச் சில்லறை வியாபாரி இருப்பான். அவனுக்குச் சரக்கு அனுப்பிய வெளிநாட்டு முதலாளியைத் தேட வேண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டை 1937-இல் மோந்த்ரே ஒப்பந்தம்தான் முடித்துவைத்தது.

அந்த எண் எந்த அவையில் பேசப்பட்டது என்று பார்த்தபோதுதான் தடம் தெளிந்தது. 1930 ஜனவரியில் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்தின் அபினி ஆலோசனைக் குழுமுன் ரஸல் பேசினார். ஹெராயின் தயாரித்த நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கே இருந்தார்கள். கெய்ரோவில் விற்ற பொடியின் தடத்தை அவருடைய ஆட்கள் சுவிட்சர்லாந்தின் பாசல், பிரான்சின் முலூஸ் நகர்கள்வரை தொடர்ந்திருந்தார்கள். மலைப் பாதையில் வந்த கள்ளச்சரக்கல்ல அது. மருந்து வணிகம் என்ற பெயரில் ஆலைகளிலிருந்து கிளம்பிய சரக்கு. அந்த அவையை உலுக்க ஒரு பெரிய எண் தேவைப்பட்டது.

அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். கெய்ரோவின் பூலாக் குடிசைகளில் ஹெராயினால் சிதைந்த மனிதர்களை அவர் நேரில் கண்டவர். எண் அந்தக் காட்சியிலிருந்து பிறந்த மதிப்பீடு. எனினும் ஒரு பேட்டையில் கண்டதை நாடு முழுவதற்கும் விரிப்பது துணிச்சலான காரியம்.

பிரிவின் ஆண்டறிக்கைகளில் நான் பெரிதும் நம்புவது வேறொரு தடயத்தை: சரக்கின் சந்தை விலை. ஐரோப்பிய ஆலைகள்மேல் பிடி இறுகியதும் கெய்ரோவில் ஹெராயின் விலை ஏறியது, கலப்படம் கூடியது. மருத்துவத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யக் கூடாது என்ற 1931 ஒப்பந்தமும் வந்தது. இதற்கிடையே தயாரிப்பு இஸ்தான்புல்லுக்கு இடம்பெயர்ந்தது. தடமும் அங்கே நீண்டது.

5 லட்சத்தை மேற்கோள் காட்டுவோர் காட்டட்டும். ஆனால் அது எண்ணிக்கை அல்ல, ஜெனீவாவில் ஒரு காவல் அதிகாரி முன்வைத்த மதிப்பீடு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.