உங்களுக்கு வாந்தி பயமா... நாய்க்கும் ஒட்டிக்குமா?

வாந்தி என்றாலே சிலருக்குக் கைகால் உதறும். எமெட்டோபோபியா என்பார்கள். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் வளர்க்கும் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கும் அந்தப் பயம் தொற்றுமா?

நாய்க்கு வாந்தி மேல் அருவருப்பே கிடையாது. கக்கியதையே திரும்பத் தின்னும் ஜீவன் அது! ஆனா, உங்க பதற்றம் அதுக்குத் தெரியும். மனுஷங்க மனஅழுத்தத்தை வியர்வை, மூச்சு வாடையிலேயே நாய்கள் கண்டுபிடிப்பதை 2022-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அது குமட்டும்போதெல்லாம் நீங்க அலறினா, அடுத்த முறை கண்ணில் படாத மூலையில் போய்க் கக்கலாம். சிக்கலே அங்கேதான். தடுப்பூசி போடாத குட்டி விடாமல் வாந்தி எடுத்தால் பார்வோவாக இருக்கலாம். ஒருநாள் தாமதமும் உயிரை எடுக்கும். துடைக்கிற வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்க. வாந்தி நிற்கலைன்னா, ரத்தம் தெரிஞ்சா, உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு.