மருந்தின் மெய்காண் நெறி: கல்கத்தாவும் சென்னையும்

மருந்துண்டவன் நலம் பெற்றால், அம்மருந்தே அவனைக் காத்தது என்கிறோம். உண்ணாதிருந்தாலும் அவன் பிழைத்திருப்பானோ என வினவுவதே மருத்துவ ஆராய்ச்சியின் தொடக்கமாகும். இவ்வினாவுக்கு விடைகாணும் நெறி வளர்ந்த வரலாற்றில் நாம் பிறந்த தமிழகத்துக்கும், நாம் வாழும் ஹவுராவுக்கு அக்கரையிலுள்ள கல்கத்தாவுக்கும் சிறப்பான பங்குண்டு.

பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் காலராத் தடுப்பூசியை ஆக்கிய வால்டெமார் ஹாஃப்கின், 1893-இல் இந்தியா வந்தார். 1894-இல் கல்கத்தாவின் காட்டால் பகான் சேரியில் காலரா தோன்றவே, அங்கு வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசியிட்டார். பின்னர் நோயுற்ற 10 பேரும், அவருள் மாண்ட எழுவரும் ஊசி போடாதவர்களே. வியத்தகு விளைவுதான்! எனினும், ஊசிக்கு விரும்பி முன்வந்தோரும் மறுத்தோரும் எல்லா வகையிலும் ஒத்தவர்களா? தூய நீரும் தூய பழக்கமும் ஒரு சாராரிடம் மிகுந்திருப்பின், பெருமை ஊசியைச் சாருமா, நீரைச் சாருமா? இந்த ஐயம் தீர, இரு சாராரையும் முதலிலேயே ஒத்தவர்களாக அமைத்தல் வேண்டும்.

அதற்குரிய வழி சீட்டெடுப்பே. உத்திரமேரூர்ச் சபையில் குடவோலை எடுத்தவர் நம் முன்னோர். விருப்பு வெறுப்பு நுழையாத அந்த உபாயத்தின் இயல்பையே மருத்துவரும் கையாண்டனர். இங்கிலாந்தில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி.

1956-இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அந்நாளில் நோயாளிகளோ பலர். சானடோரியப் படுக்கைகளோ சில. வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா என்பதே கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானடோரியத்திலும் மற்றவரை எளிய இல்லங்களிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர். நல்லுணவும் ஓய்வும் சானடோரியத்தாருக்கே மிகுதி. ஆயினும், நோயடங்கியோர் அங்கு நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது, வீட்டில் மருந்துண்டதால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. 1959-இல் வெளியான இவ்வாய்வு, படுக்கைக்குக் காத்திருந்து மடியும் அவலத்தை நீக்க உலக நாடுகளுக்கு வழிகாட்டியது.

அந்நெறி மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தது. 2006-இல் கொல்கத்தாவின் சேரிகளில், வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தைக் குடியிருப்பு வாரியாகச் சீட்டெடுத்து வழங்கினர். எவருக்கு மெய்ம்மருந்து, எவருக்கு அதன் தோற்றமுடைய வேறொன்று என்பதை, பெற்றவரும் அறியார், வழங்கியவரும் அறியார். ஈராண்டில், மருந்துண்ட 31,932 பேரில் 20 முறையும், மற்ற 34,968 பேரில் 68 முறையும் காலரா கண்டது. ஹாஃப்கின் காலத்து ஐயத்துக்கு இங்கே இடமில்லை.

ஆதலின், அன்பர்களே, "இம்மருந்தால் பலர் பிழைத்தனர்" என்று எவரேனும் கூறின், நாம் மூன்று கேள்விகள் கேட்போமாக: உண்ணாதவர் எத்தனை பேர் பிழைத்தனர்? இரு சாராரையும் பிரித்தது யார் விருப்பம்? விளைவை அளந்தவர் எவர் எதை உண்டார் என்பதை அறிந்திருந்தனரா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே நாம் அம்மருந்தை நம்புதல் தகும்.