மாயாற்றுப் பாறுக் கூடமைவிடங்கள்

நீலகிரி மாவட்டத்தில், முதுமலை புலிகள் காப்பகத்தையும் சீகூர் பீடபூமியையும் சார்ந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இனப்பெருக்கம் செய்யும் பகுதிகள்.

இனங்கள்: வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் கூட்டமாகவும், கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை விளிம்புகளிலும், செந்தலைப் பாறு மரங்களில் தனித்தும் கூடு கட்டும். மூன்றும் மிக அருகிய இனங்கள். இணை ஒன்று ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதால் இழப்பு எளிதில் ஈடாகாது.

அச்சுறுத்தல்: டைக்குளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து செலுத்தப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்; உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்படலமாகப் படியும். நஞ்சூட்டிய இறைச்சியும் கூட்டருகே மனித நடமாட்டமும் பிற காரணங்கள்.

பாதுகாப்பு: கால்நடைகளுக்கு டைக்குளோஃபினாக் 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகிய வலிநீக்கிகள் 2023இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாதுகாப்பான மாற்று மருந்து.