"கரண்ட் வச்சா கை திரும்ப வேலை செய்யுமா டாக்டரே?" - ஒரு த்ரெட்

1/ போன மாசம் ஓபி-யில ஒரு அண்ணாச்சி. பனையேறுறவர். மரத்துல இருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்துல அடி. ரெண்டு வருஷமா வீல்சேர். மகன் போனைக் காட்டினான். யாரோ கரண்ட் மெஷின் வச்சு விரலை மடக்குற வீடியோ.

"இது உள்ளதுதானா டாக்டரே?"

உள்ளதுதான். ஆனா பழைய கதை. சொல்றேன்.

2/ மூளை உத்தரவு போடும். தண்டுவடம் அதைக் கொண்டுபோகும். கழுத்துல வழி அடைபட்டா உத்தரவு கைக்கு வராது. ஆனா அடிபட்ட இடத்துக்குக் கீழே நரம்பும் தசையும் பெரும்பாலும் உயிரோடதான் இருக்கும். வெளியே இருந்து மின்சாரம் கொடுத்தா சுருங்கும். 1780-களில் இத்தாலியில் கால்வானி தவளைக்கால்ல பார்த்தது இதைத்தான். 1961-ல் லிபர்சன், பக்கவாதத்தால் பாதம் தொங்கினவங்களுக்கு இதை வச்சே நடக்க உதவினார்.

3/ கைக்கு வந்தது அமெரிக்காவின் கிளீவ்லேண்டில். ஹண்டர் பெக்காம் குழுவின் 'ஃப்ரீஹேண்ட்'. நெஞ்சுல ஒரு கருவி, கைத்தசைகள்ல 8 மின்முனைகள். மறுபக்கத் தோளை அசைச்சா கை பிடிக்கும், விடும். 1986-ல் முதல் ஆளுக்குப் பொருத்தினாங்க. 1997-ல் எஃப்.டி.ஏ. அனுமதி. இருநூறு பேருக்கு மேல அதை வாங்கிக்கிட்டாங்க. சில வருஷத்துலயே கம்பெனி விற்பனையை நிறுத்திட்டுது. கருவி தோற்கலை, வியாபாரம் தோத்துது.

4/ இனி நம்ம ஊர்ப் பக்கம். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று ஆபரேஷன் தொடங்கினார். வேலை செய்யுற தசையோட நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இணைக்கிறது. (நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரி சோமர்வெல்லும் பிறகு வேலூருக்குத்தான் போனார்.)

5/ அங்கே இளம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் வண்டி விபத்து. தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனா கை இருந்தது. வீல்சேர்ல உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்தார். 1966-ல் தண்டுவடம் அடிபட்டவங்க தங்கி சிகிச்சை பெற வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

6/ அதே தசைநாண் மாற்று வழி, கழுத்து அடிபட்டவங்களுக்கும் வந்தது. 1970-களில் ஸ்வீடனின் மோபர்க் அதை முறையா வளர்த்தார். மின்சாரமே இல்லாம பெருவிரல் பிடிப்பு கிடைக்கும்!

7/ அந்த வீடியோ? 2024-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு. கழுத்துத் தோல் மேல மின்முனை ஒட்டி, கூடவே கைப்பயிற்சி. 60 பேர். 72 சதவீதம் பேருக்குக் கைவலுவும் செயல்பாடும் கூடியது. அந்த டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி. ஆனா கவனிங்க: இது தசையை நேரா இயக்காது. மிச்சமிருக்கிற பலவீனமான உத்தரவு கடந்து போக உதவும். மிச்சம் கொஞ்சமாவது இருக்கணும். பயிற்சியும் வேணும்.

8/ "நமக்குக் கிடைக்குமா டாக்டரே?" நம்ம ஓபி-யில இப்போ இல்லைன்னு நேராச் சொன்னேன். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஆனா அவருக்கு மணிக்கட்டு மேலே தூங்கும்... இல்லை, தூக்க முடியும். அதுதான் பொக்கிஷம். மணிக்கட்டைத் தூக்கினா விரல்கள் தானா மடங்கும். அதை வச்சே டம்ளர் பிடிக்கலாம்.

9/ அவர் வீட்ல பாசத்துல தினமும் மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து நிமிர்த்தி இழுத்துவிட்டிருக்காங்க. அப்படிச் செஞ்சா அந்த இயற்கைப் பிடிப்பு தளர்ந்துபோகும். மணிக்கட்டு மேலே இருந்தா விரல் மடங்கியிருக்கணும், கீழே இருந்தா நிமிரலாம். பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கோங்க. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் தெரியுமா? 1975-ல் கழுத்து அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கினது.

10/ கடைசியா ஒண்ணு. மரத்துல இருந்து விழுந்தவரைக் கக்கத்துல தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏத்தாதீங்க. தலையும் கழுத்தும் அசையாம பிடிச்சு, 108 கூப்பிடுங்க. மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சம் நரம்பைக் காப்பாத்துறது உங்க கையில.

அண்ணாச்சி அடுத்த வாரம் திரும்ப வர்றார். டம்ளரோட வரச் சொல்லியிருக்கேன்.