சிறுவிமானங்களுக்கு டீசல் எஞ்சின்

டீசல் எஞ்சின் பாரவண்டிகளுக்கும் கப்பல்களுக்குமே உரியதென்பது பலர் எண்ணம். எனினும் 1928 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனியார் ஆக்கிய டீசல் எஞ்சின் ஒரு விமானத்தை வானிற் செலுத்தியது. 1931 இல் அவ்வெஞ்சின் பூட்டிய விமானமொன்று, இடையில் எரிபொருள் நிரப்பாது 84 மணிநேரத்துக்கு மேலாகப் பறந்தது. ஆயினும் அம்முயற்சி நிலைபெறவில்லை. சிறுவிமானங்கள் ஈயங் கலந்த பெற்றோலையே நம்பி வாழ்ந்தன.

அப்பெற்றோல் விலைமிக்கது, பல நாடுகளிற் கிடைத்தற்கரியது. ஜெற் விமானங்களுக்குரிய மண்ணெண்ணெயோ பெரிய விமான நிலையம் எங்கும் உள்ளது. டீசல் எஞ்சின் அதனை எரிக்கவல்லது. காற்றை நெருக்குவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றச்செய்வதால் தீப்பொறி வேண்டுவதில்லை. எரிபொருட் செலவுங் குறைவு. ஆனால் அந்நெருக்கத்தைத் தாங்கும் உறுதி, பாரத்தையுங் கூட்டிவிடுகின்றது.

இச்சிக்கலை ஜேர்மனியின் தீலெர்ட் என்னுஞ் சிறு கம்பனி வேறொரு வழியால் அணுகியது. அது மேர்சிடிஸ் பென்ஸ் காரொன்றின் 1.7 லீற்றர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. கார் எஞ்சினின் வேகத்திற் விமான விசிறி சுழலலாகாது; ஆதலால் இரண்டிற்குமிடையே வேகந்தணிக்கும் பற்சில்லுத் தொகுதியொன்று அமைக்கப்பட்டது. எரிபொருளின் அளவையும் விசிறியலகின் கோணத்தையும் கணினியே ஆண்டமையால், விமானிக்கு ஒரு நெம்புகோலே போதுமாயிற்று. 135 குதிரைவலுவுடைய அவ்வெஞ்சின் 2002 இல் தகுதிச் சான்று பெற்றது. 2004 இல் அவ்வெஞ்சின் இரண்டு பூட்டிய டயமண்ட் விமானம், நியூபவுண்லாந்திலிருந்து போர்த்துக்கல் வரை அத்திலாந்திக் சமுத்திரத்தை இடையில் இறங்காது கடந்தது.

இடர்களும் உடன் தோன்றின. பற்சில்லுத் தொகுதியை 300 மணிநேரத்துக்கொருமுறை சோதிக்க வேண்டியிருந்தது. 2007 இல் ஜேர்மனியின் ஸ்பையர் நகரில், மின்கலம் வலுவிழந்திருக்க வெளிமின்னாற் தொடக்கிய விமானமொன்று மேலெழுந்து சில்லுகளை உள்ளிழுத்தபோது, மின்னழுத்தந் தாழ்ந்து இரு எஞ்சின்களும் ஒருங்கே ஓய்ந்தன. 2008 ஏப்பிரலிற் கம்பனி வங்குரோத்து நிலையடைந்தது. அதனைப் பொறுப்பேற்ற நிருவாகியார் பழைய உத்தரவாதங்களை ஏற்க மறுத்தார். உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பறத்தல் பயிற்றுங் கழகங்களின் விமானங்கள் தரையிற் கிடந்தன.

டயமண்ட் கம்பனியார் தம் சார்பில் ஒஸ்திரியாவில் நிறுவிய கம்பனியின் டீசல் எஞ்சின் 2009 இல் தகுதி பெற்றது. தீலெர்டின் உடைமைகளை 2013 இற் சீனக் குழுமமொன்று வாங்கியது; அவ்வெஞ்சின் மரபு இன்று கொன்டினென்டல் என்னும் பெயரால் தொடர்கின்றது.

எஞ்சின் ஆக்குவோன் ஒரு பொருளை விற்பதோடு அமையான். பல்லாண்டுப் பராமரிப்பையும் வாக்களிக்கின்றான். டீசலின் பாரத்தை வென்ற சிறு கம்பனி, அவ்வாக்கின் பாரத்தைத் தாங்கமாட்டாது வீழ்ந்ததென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.