முகாமையாளர் போனார், கணக்கு எங்கே போனது?

 

அண்மையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாய் எழும்பிக் கேட்டா: "சேர், இந்தக் கூரையைத் திருத்த ஆரிட்டக் கேக்கிறது?" கோட்டம், வலயம், மாகாணத் திணைக்களம், மாகாண அமைச்சு என்று அடுக்கினேன். "அவையளில ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாதே" என்றா. எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு காலத்தில் ஆளைத் தெரிந்திருந்தது. எங்கட சிதம்பராக் கல்லூரி 1896இல் தொடங்கிய காலத்தில் வடபகுதிப் பள்ளிகளை மிஷனரிமாரும் சைவப் பெரியோரும் நடத்தினார்கள். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பொறுப்பெடுத்தது. அரசு உதவிப்பணம் கொடுத்தது. நியமனமும் இடமாற்றமும் முகாமையாளர் கையில். குறை இருந்தால் அவர் வீட்டுப் படலையைத் தட்டலாம்.

ஆனால் அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். படலையைத் தட்டும் உரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டளவில் உதவிபெறும் பள்ளிகளில் சமாசனம் வேண்டும் என்று அரசு சொன்னபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். முகாமையாளருக்குப் பிடிக்காத ஆசிரியருக்கு வேலையும் நிச்சயமில்லை.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பிறகு பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பள்ளிகளை அரசிடம் கொண்டுவந்தன. பரியோவான், யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில மட்டும் தனித்து நின்றன. கலாசாலையில் இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். இதன் விலை இப்போதுதான் விளங்குகிறது. ஊர் முகாமையாளரின் அதிகாரம் போனது நல்லது. அவரோடு ஊருக்குக் கணக்குச் சொல்லும் ஆளும் போய்விட்டார்.

1987இன் 13ஆம் திருத்தம் கல்வியை மாகாணத்துக்குக் கொடுத்தது. யாழ் மாவட்டத்தில் மட்டும் ஐந்து வலயங்கள். நாங்கள் வடமராட்சி வலயம். தேசிய பாடசாலைகளோ நேரே கொழும்பு அமைச்சின் கீழ். அலுவலகம் கிட்ட வந்தது, பதில் கிட்ட வரவில்லை. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரின் நிர்வாகம்தான். எங்கட வாக்குக்குப் பயப்பட அங்கே ஒருவரும் இல்லை.

வலயங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். அதால் மட்டும் கூரை திருந்தாது. காசு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று பெற்றோர் பார்க்க வேண்டும். எங்கட மார்க்கத்தில் 'அமானிதம்' என்போம், நம்பி ஒப்படைத்த பொருள். பள்ளிக்கூடக் காசும் அதுதான். ஆசிரியரான எனக்கும் இது பொருந்தும்.

எங்களிடம் மிச்சமிருப்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பிள்ளை படித்தால் நீங்களும் அங்கத்தவர். அடுத்த கூட்டத்துக்கு வாங்கோ. வரவு செலவு அறிக்கையை அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கோ.