லாயத்தில் ஓர் அமானிதம்
அரபுக் குதிரைப் பராமரிப்பும் மஅபர்க் கரையின் படிப்பினையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது ஆணையிட்டு அல்லாஹ் தொடங்கும் ‘வல்ஆதியாத்’ அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். குதிரை என்றதும் போர்க்களமும் வேகமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த வேகத்திற்குப் பின்னால் ஒவ்வொரு நாளும் அதன் உடலைத் துடைத்து, குளம்பைச் சுத்தம் செய்து, தீனியில் கல் பொறுக்கிய கரங்கள் இருந்தன. அக்கரங்களின் வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது. அந்த வரலாற்றில் நமது தென்பாண்டிக் கடற்கரைக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமையும் வருத்தமும் கலந்த பங்காகும்.

மதீனாவில் குதிரை பேணிய முறை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தமது மேலாடையாலேயே துடைத்துக் கொண்டிருந்ததை மக்கள் கண்டனர். அது பற்றி வினவப்பட்டபோது, குதிரைகள் விஷயத்தில் அன்றிரவு தமக்குக் கண்டிப்பு வந்ததாக அவர்கள் தெரிவித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் ஓர் அறிவிப்பு உள்ளது. அகிலத்திற்கோர் அருட்கொடையாக வந்த தலைவர் செய்த பணியை இழிவானது என எவர் கூற இயலும்?

குதிரையின் நெற்றிமயிரையும் பிடரிமயிரையும் வாலையும் கத்தரிக்கலாகாது என்ற அறிவுரை அபூதாவூத் நூலில் இடம்பெறுகிறது. வால் அதற்கு ஈ விரட்டும் விசிறி, பிடரி அதற்குக் குளிர் தாங்கும் போர்வை, நெற்றியிலோ நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மனிதனின் அலங்கார ஆசையைவிட அந்த உயிரின் தேவை முன்வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

தமீமுத் தாரீ (ரலி) அவர்களைக் காண ரவ்ஹ் பின் ஸின்பாஃ என்பவர் சென்றபோது, அவர்கள் தம் குதிரைக்காக வாற்கோதுமையைச் சுத்தம் செய்து கொண்டிருந்தார்கள். குடும்பத்தாரும் அருகில் இருந்தனர். இவர்களில் ஒருவர் இதைச் செய்யக்கூடாதா என வந்தவர் கேட்டார். அவ்வாறு செய்து குதிரைக்கு ஊட்டுபவருக்கு ஒவ்வொரு தானியத்திற்கும் ஒரு நன்மை எழுதப்படும் என நபி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதாக அந்த ஸஹாபி விடையளித்தார்கள்.

அக்காலத்தில் ‘தழ்மீர்’ என்றொரு பயிற்சி முறையும் இருந்தது. முதலில் குதிரைக்கு நிறையத் தீனியளித்துக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, மூடிய இடத்தில் போர்வை போர்த்தி வியர்க்கச் செய்வார்கள். வியர்வை உலர, தளர்ந்த சதை இறுகி உடல் உறுதி பெறும். இதற்கு நாற்பது நாட்கள் என அரபு அகராதி அறிஞர்கள் குறித்துள்ளனர். தழ்மீர் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஐந்து அல்லது ஆறு மைல் தூரமும், செய்யப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் தூரமும் நபி (ஸல்) அவர்கள் பந்தயம் வைத்த செய்தி புகாரீயில் உள்ளது. ஆயத்தம் செய்யப்படாத உயிரின் மீது அதன் சக்திக்கு மீறிய சுமை ஏற்றப்படவில்லை.

கலையாக வளர்ந்த அன்றாடப் பணி

இந்த அக்கறை பிற்காலத்தில் தனியொரு கலையாக வளர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீஃபாக்களின் லாயத்தோடு தொடர்புடைய இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றம் பற்றியும் குதிரை மருத்துவம் பற்றியும் நூல் எழுதினார். எகிப்தின் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மத் பின் கலாவூன் (மறைவு ஹிஜ்ரி 741, கி.பி. 1341) அவர்களின் லாயத்தில் பணிபுரிந்த அபூபக்ர் பின் பத்ர், அச்சுல்தானின் பெயராலேயே ‘அன்னாஸிரீ’ என வழங்கும் பெருநூலை இயற்றினார். லாயத் தலைவருக்கு ‘அமீர் ஆகூர்’ என்றும், கால்நடை மருத்துவருக்கு ‘பைத்தார்’ என்றும் பெயர் வழங்கியது.

குதிரைக்கு நாள்தோறும் செய்ய வேண்டிய பணிகள் எளிமையானவை. ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாதவை. காலையில் தீனித்தொட்டியைப் பார்க்க வேண்டும். தீனி மீந்திருந்தால் அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். நான்கு குளம்புகளையும் தூக்கி, உள்ளே ஒட்டிய சாணத்தையும் கல்லையும் எடுக்க வேண்டும். ஈரச் சாணம் தங்கினால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நொண்டும். உடலைத் தேய்த்துத் தூசியை நீக்க வேண்டும். சேணத்தின் அடியில் சிக்கும் சிறு மண்ணும் முதுகைப் புண்ணாக்கிவிடும். கண்ணையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைத்து, கால்களைத் தடவிச் சூடோ வீக்கமோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஓடி வந்த குதிரையை உடனே கட்டிவிடாமல் மூச்சு அடங்கும் வரை மெல்ல நடத்தி, வியர்வையைத் துடைத்து, சிறிது சிறிதாக நீர் காட்ட வேண்டும். இரவில் உலர்ந்த படுக்கை வேண்டும். வாய் பேசாத உயிரின் நோயை அதைத் தினமும் தொடுகின்ற கையே முதலில் அறிகிறது.

மஅபர்க் கரையில் நடந்தது என்ன?

அரபு நாட்டார் நமது சோழ மண்டல, பாண்டியக் கடற்கரையை ‘மஅபர்’ என அழைத்தனர். கி.பி. 1268இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் வந்து நின்றன. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார். கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய இடங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரை வந்ததாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளின் கதி என்ன? கி.பி. 1292ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றும், அரிசியோடு இறைச்சியை வேகவைத்து அவற்றுக்குக் கொடுத்தார்கள் என்றும் கூறுகிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயில் சமைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் தரப்பட்டதாக வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். நாற்பது நாட்கள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தபின், பயிற்சியும் அங்கவடியும் இன்றி ஏறி ஓட்டியதால் வலிமைமிக்க குதிரைகளும் விரைவில் தளர்ந்தன என்பதும் அவர் கூற்று.

இங்கே அந்த நாற்பது நாளைக் கவனியுங்கள். தழ்மீர் முறையின் முதற்பாதியான கொழுக்க வைத்தல் இங்கு நடந்தது. உடலை இறுக்கும் இரண்டாம் பாதி நடைபெறவில்லை. அரைகுறையாக வந்து சேர்ந்த அறிவு, அறியாமையைப் போலவே உயிரைக் குடித்ததோ என எண்ணத் தோன்றுகிறது. இங்கிருந்தோர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். பாலும் வெண்ணெயும் ஊட்டியவர்கள் அன்பற்றவர்களாக இருக்க முடியாது. அன்பு இருந்தது, அறிவு சென்று சேரவில்லை.

வணிகர் மீதான குற்றச்சாட்டு

மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரைகள் இறந்தால்தான் மீண்டும் விற்கலாம் என்பதற்காக, வணிகர்கள் குதிரை வைத்தியர்களைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் அனுமதிப்பதில்லை என்பதே அது. இது ஓர் அயல்நாட்டுப் பயணியின் கூற்று. இதை வைத்து அனைத்து வணிகரையும் குற்றவாளிகளாக்குவது நீதியன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடற்கரைக் காலநிலையும், பாலைவனக் குதிரைக்குப் பழகிய தீனி கிடைக்காமையும் உண்மையான காரணங்களே.

எனினும், வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலம் விலை கொடுத்தது என்பதை முஸ்லிம் வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃபே பதிவு செய்துள்ளார். பிற்கால விஜயநகரத்தில், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டியே விலை பெற்றதாகப் போர்த்துகீசிய வணிகர் நூனிஸ் எழுதியுள்ளார். உயிர் பிழைத்தாலும் மடிந்தாலும் வரவு ஒன்றே என்றால், அவ்வுயிரைப் பேணும் ஆர்வம் எவருக்கு எஞ்சும்?

இதற்கு மாறான ஏற்பாட்டை அக்பரின் லாயத்தில் காண்கிறோம். இரண்டு குதிரைகளுக்கு ஒரு சயிஸ், லாடம் அடிப்போர், நீர் சுமப்போர், கூட்டுவோர் எனத் தனித்தனி ஆட்கள் நியமிக்கப்பட்டனர். குதிரை இறந்தால் மேற்பார்வையாளர் முதல் சயிஸ் வரை அபராதம் செலுத்த வேண்டும் என அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரீ விதிகளைத் தருகிறது. அங்கே இறப்பு எவருக்கும் இலாபமாகவில்லை. அறிவும் ஒரே திசையில் மட்டும் பயணிக்கவில்லை. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் இந்தியக் குதிரை மருத்துவ நூல் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டு முஸ்லிம் அரசவைகளில் பயன்பட்டது.

நமக்குரிய படிப்பினை

பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது நமது மார்க்கத்தின் தெளிவான சட்டம். உயிருள்ள பொருளை விற்பவர், அது வாழ்வதற்குத் தேவையான அறிவை வேண்டுமென்றே மறைத்தால் அது அதனினும் கடுமையானதன்றோ! வாங்கியவருக்கு மட்டுமின்றி, அந்த உயிருக்கும் செய்த துரோகம் அது. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்டு, வாய் பேசாத பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம்.

இன்று நம் மஹல்லாவில் குதிரை லாயங்கள் இல்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி ஆடுகளும் மாடுகளும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. அவை நம்மிடம் இருப்பது சில நாட்களே ஆயினும் அமானிதமே. நிழலில் கட்டுதல், வேளை தவறாது நீர் வைத்தல், ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்காதிருத்தல் ஆகியவற்றை நாமே முன்னின்று கவனிப்போம். ஆள் இருக்கிறான் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாமல், தமீமுத் தாரீ (ரலி) அவர்களைப் போல் நம் பிள்ளைகளின் கண்முன் நம் கையாலேயே செய்வோம். விற்கும் சகோதரர்கள் பிராணிக்குப் பழகிய தீனி எது, அதற்குள்ள நோய் என்ன என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கட்டும்.

கற்ற நல்லறிவை மறைக்காமல் பிறருக்கு வழங்குவோராகவும், நம்மை நம்பி நிற்கும் உயிர்களுக்கு உரிமையை நிறைவேற்றுவோராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.